இராஜினாமாக் கடிதத்துக்கு என்ன அவசரம்?

கையில் கனேடியக் கடவுச்சீட்டு, வேலை டுபாயில், கலியாணம் யாழ்ப்பாணத்தில் முடிந்தாகிவிட்டது. இனித் துணையைக் கனடாவுக்குக் கூப்பிட வேண்டும். இந்தக் கட்டத்தில் பலர் அவசரப்பட்டு வேலையை விட்டுவிடுகிறார்கள். “கனடாவில இருந்தாத்தான் ஸ்பொன்சர் பண்ணலாம்” என்று யாராவது சொல்லியிருப்பார்கள். சொன்னவர் அநேகமாக நிரந்தர வதிவிட உரிமை, அதாவது பி.ஆர்., வைத்திருப்பவராக இருப்பார். அவரளவில் அது சரி. குடியுரிமை எடுத்த உங்களுக்கு அது பொருந்தாது.

சட்டம் இந்த இரண்டு பேரையும் வேறு வேறாகத்தான் நடத்துகிறது. பி.ஆர். உள்ளவர் கனடாவில் வசித்துக்கொண்டுதான் துணையை ஸ்பொன்சர் செய்யலாம். வெளிநாட்டில் வேலை என்றால் முதலில் அவர் திரும்பி வர வேண்டும். குடியுரிமையாளருக்கோ குடிவரவு ஒழுங்குவிதிகளின் 130ஆம் பிரிவு ஒரு விலக்குத் தருகிறது. கணவனையோ மனைவியையோ, சேர்ந்து வாழும் துணையையோ வெளிநாட்டில் இருந்தபடியே அவர் ஸ்பொன்சர் செய்யலாம். அதற்கு ஒரு நிபந்தனை உண்டு. துணைக்கு பி.ஆர். கிடைக்கும்போது நீங்களும் கனடாவில் குடியிருக்கப் போகிறீர்கள் என்பதை அதிகாரி நம்ப வேண்டும்.

கலியாணப் படங்களைத் தெரிவு செய்ய வாரக்கணக்கில் மினக்கெடுகிறவர்கள் இந்த நிபந்தனைக்கு நாலு வரி எழுதிவிட்டு அடுத்த படிவத்துக்குப் போய்விடுகிறார்கள். வெளிநாட்டில் இருந்து போடும் விண்ணப்பம் பாதி குடும்ப விஷயம், பாதி உங்கள் வேலை மாற்றம். முதற்பாதிக்கு ஆலோசனை சொல்ல ஊரே இருக்கிறது. இரண்டாவது பாதியை நீங்கள்தான் யோசிக்க வேண்டும்.

திரும்பிப் போகும் திட்டத்தைக் காகிதத்தில் எழுதுங்கள்

“நாங்கள் கனடாவில் வாழ விரும்புகிறோம்” என்ற வாக்கியம் எதையும் நிரூபிக்காது. விருப்பம் எல்லோருக்கும் இருக்கும். கோப்பைப் பார்க்கும் அதிகாரிக்குத் தெரிய வேண்டியவை: எந்த நகரம், யாருடைய வீடு, என்ன வேலை, எப்போது. ஒரு பக்கத்தில் இவற்றை எழுதி, ஒவ்வொன்றுக்கும் ஒரு ஆவணத்தைப் பின்னால் இணையுங்கள்.

கனடாவில் வேலை உறுதியானால் விஷயம் சுலபம். ஆனால் விண்ணப்பம் முடிய ஒரு வருடமோ அதற்கு மேலோ ஆகலாம் என்ற நிலையில், எந்த முதலாளியும் அவ்வளவு காலம் காத்திருக்கும் வேலைக் கடிதம் தரமாட்டார். குடிவரவுத் துறைக்கும் அது தெரியும்; வேலை உறுதி கட்டாயம் என்று விதியும் சொல்லவில்லை. ஆகவே நீங்கள் காட்ட வேண்டியது ஒரு தடம். ரொறன்ரோவிலோ கல்கரியிலோ உள்ள ஆட்சேர்ப்பு முகவருடன் நடந்த மின்னஞ்சல்கள், உங்கள் துறையில் அனுப்பிய விண்ணப்பங்கள், கைவிடாமல் புதுப்பித்துவரும் ஒன்ராறியோப் பொறியியலாளர் உரிமம், கணக்காளர் சங்க உறுப்புரிமைச் சந்தா ரசீது. இந்தக் கடைசி இரண்டையும் நான் பெரிதாக மதிப்பேன். வெளிநாட்டில் இருந்துகொண்டு வருடா வருடம் உரிமத்துக்குப் பணம் கட்டுகிறவர் திரும்பிப் போகும் எண்ணம் உள்ளவர் என்பதை விளக்கிச் சொல்லத் தேவையில்லை.

உங்கள் நிறுவனத்துக்குக் கனடாவில் கிளை இருந்தால் இடமாற்றம் பற்றி இப்போதே பேச்சைத் தொடங்குங்கள். வாய்ப்பேச்சு போதாது, மின்னஞ்சலில் கேளுங்கள். “அடுத்த ஆண்டு பரிசீலிக்கலாம்” என்று மேலாளர் பதில் எழுதினால் அதுவும் ஒரு ஆவணம்தான். ஒப்பந்த வேலை என்றால் அது முடியும் திகதியே உங்களுக்குச் சாதகம். ஒப்பந்தப் பிரதியில் அந்த வரியைக் குறித்துக் காட்டுங்கள்.

வீட்டு விஷயம் நம்மவர்களுக்குப் பெரும்பாலும் எளிது. ஸ்காபரோவிலோ மார்க்கத்திலோ அம்மா அப்பா இருப்பார்கள், இல்லையென்றால் ஒரு அண்ணன். “வந்ததும் எங்கள் வீட்டில் இருக்கலாம்” என்று அவர்கள் ஒரு கடிதம் எழுதி, வீட்டு வரிப் பத்திரத்தின் பிரதியையும் சேர்த்துத் தரட்டும். பிள்ளைகள் இருந்தால் பாடசாலைக்கு அனுப்பிய விசாரணை, சாமான் ஏற்றும் கொம்பனியிடம் வாங்கிய விலைமதிப்பு, வாடகைக்கு விட்டிருக்கும் உங்கள் கொண்டோவின் குத்தகை முடியும் நாள், இப்படி எது உண்மையோ அதைச் சேர்க்கலாம்.

உண்மை என்ற சொல்லை இங்கே அழுத்திச் சொல்ல வேண்டியிருக்கிறது. மாமாவின் கடையில் இருந்து ஒரு ‘வேலைக் கடிதம்’ எடுத்துத் தருகிறேன் என்று சொல்லும் நல்ல மனிதர்கள் எல்லாக் குடும்பத்திலும் உண்டு. அந்தக் கடைக்கு ஒரு தொலைபேசி அழைப்பு போனால் கதை முடிந்தது. பொய்த்தகவல் என்று தீர்மானமானால் விண்ணப்பதாரருக்கு ஐந்து வருடத் தடை வரும். வேலைக் கடிதமே இல்லாத கோப்பு அதைவிடப் பாதுகாப்பானது.

எப்போது வேலையை விடுவது?

விண்ணப்பம் போட்ட அன்று விடவேண்டாம். ஸ்பொன்சராக உங்களை ஏற்றுக்கொண்டதாகக் கடிதம் வந்த அன்றும் வேண்டாம். மருத்துவப் பரிசோதனை முடிந்ததும் பலருக்குக் கை துறுதுறுக்கும், அப்போதும் பொறுங்கள். துணையின் கடவுச்சீட்டை விசாவுக்கு அனுப்பச் சொல்லிச் செய்தி வரும்போதுதான் இராஜினாமாக் கடிதம் எழுதும் நேரம்.

காரணம் வெறும் சம்பளம் அல்ல. வளைகுடாவில் துணை உங்களுடன் வாழ்கிறார் என்றால் அவருடைய வதிவிட விசா உங்கள் வேலையில் தொங்கிக்கொண்டிருக்கிறது. நீங்கள் விலகினால் அவருடையதும் ரத்தாகும். பிறகு அவர் ஊருக்குப் போக வேண்டும். விண்ணப்பத்தில் முகவரியை மாற்ற வேண்டும். ஊரில் ஆறு மாதத்துக்கு மேல் இருக்க நேர்ந்தால் புதிதாக ஒரு பொலிஸ் சான்றிதழையும் கேட்கக்கூடும். சேர்ந்து வாழ்ந்த தம்பதி இடையில் பிரிந்து இரண்டு நாட்டில் இருக்கும் நிலையையும் நீங்களே உண்டாக்கிவிடுகிறீர்கள். ஒரு அவசரக் கடிதத்துக்கு இத்தனை விலை.

மறுபக்கம், கடைசி நேரம்வரை இழுத்தடிக்கவும் முடியாது. மருத்துவப் பரிசோதனை 12 மாதங்களுக்குத்தான் செல்லும். நிரந்தர வதிவிட உறுதிப் பத்திரத்தின் காலாவதித் திகதி பெரும்பாலும் அதை ஒட்டியே வரும். பரிசோதனை தொடக்கத்திலேயே முடிந்து, கோப்பு பிந்தினால், விசா வந்தபின் பயணத்துக்குச் சில வாரங்களே மிஞ்சலாம். ஐக்கிய அரபு அமீரகத்தின் 2021ஆம் ஆண்டுத் தொழிற்சட்டப்படி முன்னறிவிப்புக் காலம் 30 நாளில் இருந்து 90 நாள்வரை இருக்கலாம். உங்கள் ஒப்பந்தத்தில் 90 என்று இருந்தால், மருத்துவம் முடிந்த நாளில் இருந்து ஒன்பதாவது மாதத்தைத் தாண்டும்போது மேலாளரிடம் வாய்விட்டுப் பேசிக் காலத்தைக் குறைக்க முடியுமா என்று கேளுங்கள்.

பணிக்கொடையையும் கணக்கிட்டுப் பாருங்கள். அமீரகத்தில் ஒரு வருடச் சேவை முடிந்திருந்தால், முதல் ஐந்து வருடங்களில் ஒவ்வொரு வருடத்துக்கும் 21 நாள் அடிப்படைச் சம்பளம், அதற்கு மேற்பட்ட வருடங்களுக்கு 30 நாள். ஐந்து வருடம் முடிய ஒரு மாதம் இருக்கும்போது விலகுவதா, பொறுத்து விலகுவதா என்பது அந்தக் கணக்கைப் போட்டுப் பார்த்துத் தீர்மானிக்க வேண்டியது. சிங்கப்பூரில் வேலை என்றால் வேறொரு சிக்கல். வெளிநாட்டவர் ஒருவர் வேலையை விடும்போது நிறுவனம் ஒரு மாதம் முன்கூட்டியே ஐ.ஆர். 21 என்ற படிவத்தை வரித்துறைக்கு அனுப்ப வேண்டும். வரிக் கணக்கு தீரும்வரை உங்களுக்கு வரவேண்டிய பணத்தை நிறுத்தியும் வைக்கும். ரொறன்ரோவில் முதல் மாத வாடகைக்கு அந்தக் கடைசிச் சம்பளத்தை நம்பியிருக்காதீர்கள்.

அலுவலகத்தில் யாரிடம், எப்போது சொல்வது? மனிதவளப் பிரிவிடம் பதவி, சேர்ந்த திகதி, சம்பளம் மூன்றும் உள்ள வேலைக் கடிதம் ஒன்று கேட்க வேண்டிவரும். “மனைவியின் குடிவரவு விண்ணப்பத்துக்கு” என்று காரணம் சொன்னால் போதும். அது பொய்யும் இல்லை. உங்களை ஒரு வருடத்தில் போகப்போகிறவர் என்று முத்திரை குத்தினால் பதவி உயர்வும் பயிற்சியும் கைநழுவும் அலுவலகங்கள் இருக்கின்றன. உங்கள் அலுவலகம் எந்த வகை என்று உங்களுக்கே தெரியும்.

வருமானம், வாக்குறுதி, கட்டணம்

துணையை ஸ்பொன்சர் செய்யக் குறைந்தபட்ச வருமானம் என்று ஒரு தொகை பொதுவாக இல்லை. அம்மா அப்பாவைக் கூப்பிடும்போது கேட்கும் வருமான அட்டவணையை இதோடு குழப்பிப் பயப்படுகிறவர்கள் ஏராளம். ஆனால் மாற்றுத்திறனுக்கான உதவி தவிர்ந்த சமூக நல உதவிப் பணம் பெறுபவர், கடன் தீராத வங்குரோத்து நிலையில் இருப்பவர், முந்தைய ஸ்பொன்சர் கடப்பாட்டை மீறியவர் ஆகியோருக்குக் கதவு மூடியிருக்கும். தானும் கணவன் அல்லது மனைவியால் ஸ்பொன்சர் செய்யப்பட்டு வந்தவர், பி.ஆர். ஆகி ஐந்து வருடம் கழியும்வரை இன்னொரு துணையை ஸ்பொன்சர் செய்ய முடியாது. இடையில் குடியுரிமை எடுத்தாலும் அந்த ஐந்து வருடம் ஐந்து வருடம்தான்.

வெளிநாட்டில் இருப்பவரிடம் கனேடிய வருமானவரி மதிப்பீட்டுப் பத்திரம் இருக்காது. அந்த இடத்தைக் காலியாக விடாமல், ஏன் இல்லை என்று ஒரு சிறு விளக்கம் எழுதி, வேலைக் கடிதம், சம்பளச் சீட்டுகள், வங்கிக் கூற்று ஆகியவற்றை வையுங்கள்.

நீங்கள் கையெழுத்திடும் கடப்பாடு, துணை பி.ஆர். ஆகும் நாளில் இருந்து மூன்று வருடம் செல்லும். இடையில் விவாகரத்து ஆனாலும், உங்கள் வேலை போனாலும் அது நீங்காது. அந்தக் காலத்தில் அவர் சமூக நல உதவி எடுத்தால் அரசாங்கம் பணத்தை உங்களிடம் கேட்கும். திருமண உறவில் வன்முறைக்கு ஆளாகிறவர்கள் பி.ஆர். போய்விடும் என்று பயந்து வாய் திறக்காமல் இருப்பதுண்டு. 2012இல் வந்த ‘இரண்டு வருடம் சேர்ந்து வாழ்ந்தாக வேண்டும்’ என்ற நிபந்தனை 2017இலேயே நீக்கப்பட்டுவிட்டது. இதை ஸ்பொன்சர் செய்கிறவரும் தெரிந்துவைத்திருப்பது நல்லது.

2024 ஏப்ரல் 30இல் நடைமுறைக்கு வந்த விகிதப்படி ஸ்பொன்சர் கட்டணம் 85 டொலர், விண்ணப்பத்தைப் பரிசீலிக்க 545, நிரந்தர வதிவிட உரிமைக் கட்டணம் 575. மொத்தம் 1,205 கனேடிய டொலர். கைரேகைக்கு 85 தனி. இரண்டு வருடத்துக்கு ஒருமுறை இவற்றை மாற்றி அமைப்பதால், கட்டும் நாளில் அரசின் பக்கத்தில் பார்த்துக்கொள்ளுங்கள். 575 டொலரை முன்கூட்டியே கட்டிவிடுவது நல்லது. மறுத்தால் அந்தத் தொகை திரும்பக் கிடைக்கும், ஏற்றுக்கொண்டால் கடைசி நேரத்தில் ஒரு கடிதப் போக்குவரத்து மிச்சம்.

கியூபெக்கில் குடியேறப் போகிறவர்களுக்கு மாகாணத்தின் தனிக் கடப்பாடும் உண்டு. 2024 ஜூன் மாதத்தில் இருந்து அங்கே ஏற்றுக்கொள்ளும் எண்ணிக்கைக்கு உச்சவரம்பு வேறு வைத்தார்கள். மொன்றியலா ரொறன்ரோவா என்று இன்னும் தீர்மானிக்காதவர்கள் இதையும் யோசிக்க வேண்டும்.

உறவை நிரூபிப்பது

பேசிச் செய்த கலியாணம் என்பதற்காக யாரும் சந்தேகிப்பதில்லை. கதை படிவத்துக்குப் படிவம் மாறும்போதுதான் சந்தேகம் வருகிறது. நம்மிடையே இதற்கு ஒரு நிரந்தரக் காரணம் இருக்கிறது: பதிவு ஒரு நாள், தாலி கட்டு வேறொரு நாள். விசா அலுவலுக்காகப் பதிவை நாலு மாதம் முன்னதாக முடித்துவிட்டு, கோயிலில் தாலி கட்டியதையே ‘கலியாண நாள்’ என்று எல்லோரும் சொல்வோம். கணவர் ஒரு படிவத்தில் பதிவுத் திகதியை எழுத, மனைவி இன்னொன்றில் தாலிகட்டுத் திகதியை எழுத, அதிகாரிக்கு முன்னால் இரண்டு கலியாணம் நிற்கும். சட்டப்படியான திகதி பதிவுச் சான்றிதழில் உள்ளது. எல்லாப் படிவத்திலும் அதையே எழுதி, சடங்கு நடந்த நாளை விளக்கத்தில் தனியாகச் சொல்லுங்கள். தமிழ்நாட்டில் கலியாணம் செய்தவர்களுக்கு 2009ஆம் ஆண்டுச் சட்டப்படி பதிவு கட்டாயம். மண்டப ரசீதும் அழைப்பிதழும் பதிவுக்கு ஈடாகாது.

கணினித் திரையில் முடிந்த கலியாணங்கள் வேறு கதை. 2015 ஜூன் 11 முதல், தொலைபேசி, இணையம், பதிலாள் வழியாக நடந்த திருமணத்தை இந்தப் பிரிவில் கனடா ஏற்பதில்லை. படைவீரர்களுக்கு மட்டும் ஒரு விலக்கு. இருவரும் ஒரே இடத்தில் நேரில் இருந்திருக்க வேண்டும். கொவிட் காலத்தில் இணையவழியாகப் பதிவு செய்தவர்கள் நேரில் ஒருமுறை முறையாகப் பதிந்தபின் விண்ணப்பிக்கலாம். பன்னிரண்டு மாதம் தொடர்ந்து ஒரே வீட்டில் வாழ்ந்திருந்தால் சேர்ந்து வாழும் துணை என்ற பிரிவும் இருக்கிறது. சொந்த நாட்டில் சட்டப்படி மணம் செய்யவே வழியில்லாத ஒருபாலினத் தம்பதிகள், சேர்ந்து வாழவும் முடியாத நிலையில், வெளிநாட்டுத் துணை என்ற மூன்றாவது பிரிவில் விண்ணப்பிக்கலாம். அதற்குக் குறைந்தது ஒரு வருட உறவு வேண்டும்; ஏன் சேர முடியவில்லை என்பதையும் காட்ட வேண்டும்.

படங்களை அள்ளிக் கொட்ட வேண்டாம். சரிபார்ப்புப் பட்டியலே அளவு சொல்கிறது: படம் 20, கடிதம், அரட்டைப் பிரதிகள் 10 பக்கம். இருபதில் பதினைந்து மேடைப் படங்களாக இருந்தால் வீண். பெண் பார்க்கப் போனது, இரண்டு வீட்டாரும் சேர்ந்து சாப்பிட்டது, பிறகு ஊருக்குப் போய்வந்தது, டுபாய் வீட்டில் இருப்பது என்று காலம் நகர்வது தெரிய வேண்டும். வளைகுடாவில் சேர்ந்து வாழும் தம்பதிக்கு இந்தப் பகுதி இலகு. ஈஜாரி வாடகைப் பதிவு, துணையின் வதிவிட விசா, ஒரே முகவரி உள்ள காப்புறுதி ஆகிய மூன்றும் நூறு வாட்ஸ்அப் பக்கத்துக்கு மேல். பிரிந்து வாழ்பவர்கள் போய்வந்த பயணங்களையும் அனுப்பிய பணத்தையும் காட்ட வேண்டும்.

பெயர் விஷயத்தில் தமிழர்களுக்கு என்று ஒரு தலையிடி. பிறப்புச் சான்றிதழில் தகப்பன் பெயர் முன்னால், கடவுச்சீட்டில் பின்னால், பள்ளிச் சான்றிதழில் எழுத்து மட்டும், ஆங்கிலத்தில் ஒவ்வொரு தடவையும் வேறு எழுத்துக்கூட்டல். ‘இவை எல்லாம் ஒரே ஆள்’ என்று ஒரு சத்தியக்கடதாசி ஆரம்பத்திலேயே போட்டுவிடுங்கள். தமிழ், சிங்கள ஆவணங்களுக்கு ஆங்கில அல்லது பிரெஞ்சு மொழிபெயர்ப்பு வேண்டும். நீங்களோ உங்கள் குடும்பத்தினரோ மொழிபெயர்த்தால் செல்லாது, எவ்வளவு நன்றாக ஆங்கிலம் தெரிந்திருந்தாலும்.

பத்து வருடக் கணக்கு

ஐஎம்எம் 5669 என்ற படிவம் துணையின் கடந்த பத்து வருடத்தையும் மாதம் மாதமாகக் கேட்கும்: வேலை, படிப்பு, சும்மா இருந்த காலம், ஒவ்வொரு முகவரி. இடைவெளி இருக்கக்கூடாது. வேலை இல்லாத மாதங்களை ‘வேலை தேடிக்கொண்டிருந்தேன்’ என்றோ ‘வீட்டில் இருந்தேன்’ என்றோ எழுதுவதில் வெட்கம் ஒன்றும் இல்லை. வெட்கப்பட்டு ஒரு வேலையைக் கற்பனை செய்வதுதான் ஆபத்து. லண்டனில் மறுக்கப்பட்ட மாணவர் விசா, அவுஸ்திரேலியாவில் கேட்ட அகதி அந்தஸ்து போன்றவற்றை மறைக்கவே வேண்டாம். அமெரிக்கா, பிரித்தானியா, அவுஸ்திரேலியா, நியூசிலாந்து ஆகிய நாடுகளுடன் கனடா குடிவரவுத் தகவலைப் பரிமாறிக்கொள்கிறது. கைரேகை வைத்ததும் தெரிந்துவிடும்.

கடந்த பத்து வருடத்தில் தொடர்ந்து ஆறு மாதம் அல்லது அதற்கு மேல் வாழ்ந்த ஒவ்வொரு நாட்டில் இருந்தும், 18 வயதுக்குப் பிற்பட்ட காலத்துக்குப் பொலிஸ் சான்றிதழ் வேண்டும். இப்போது வசிக்கும் நாட்டினுடையது விண்ணப்பிக்கும் நாளுக்கு முந்தைய ஆறு மாதத்துக்குள் எடுத்ததாக இருக்க வேண்டும். வெளிநாட்டு வேலைக்காரருக்கு இதில் ஒரே ஒரு புத்தி: ஒரு நாட்டை விட்டுக் கிளம்புமுன் அங்கேயே எடுத்துவிடுங்கள். கையில் அடையாள அட்டையும் கைபேசிச் செயலியும் இருக்கும்போது சில நாளில் முடிகிற காரியம், வெளியேறிய பிறகு கைரேகைத் தாள், தூதரக முத்திரை என்று மாதக்கணக்கில் இழுக்கும். துணை கத்தாரிலும் சவூதியிலும் வேலை பார்த்தவர் என்றால் அந்தச் சான்றிதழ்களில் இருந்தே ஆயத்தத்தைத் தொடங்குங்கள்.

இன்னொன்றும் உண்டு. நீங்கள் கனடாவில் பி.ஆர். பெற்ற நாளில் ஏற்கெனவே மணமாகியிருந்தும் ‘தனி ஆள்’ என்று எழுதியிருந்தால், அந்தத் துணை குடும்பப் பிரிவில் இருந்து விலக்கப்பட்டவர் ஆகிவிடுகிறார். அப்படியான கோப்பை உரிமம் பெற்ற சட்டத்தரணி பார்க்காமல் அனுப்பவே கூடாது.

விண்ணப்பம் இப்போது ஒன்லைனில்தான். 2022 செப்டெம்பர் 23 முதல் காகிதக் கட்டுகளை அனுப்பும் காலம் முடிந்துவிட்டது. மறுப்பு வந்தால், வெளிநாட்டுப் பிரிவில் விண்ணப்பித்திருக்கும் ஸ்பொன்சர் 30 நாளுக்குள் குடிவரவு மேன்முறையீட்டுப் பிரிவுக்குப் போகலாம். கனடாவுக்குள் இருந்து விண்ணப்பிக்கும் பிரிவில் அந்த உரிமை இல்லை. அங்கே சமஷ்டி நீதிமன்றம்தான். ‘துணையை விசிட் விசாவில் கூட்டிவந்து உள்ளே இருந்து போடலாமே’ என்பவர்களுக்கு, உள்நாட்டு விண்ணப்பதாரருக்குத் திறந்த வேலை அனுமதி கேட்கும் வசதி இருப்பது உண்மைதான். நீங்களே டுபாயில் வேலை செய்யும்போது அந்தப் பிரிவு உங்களுக்குப் பொருந்தாது. அதில் இருவரும் கனடாவில் சேர்ந்து வாழ வேண்டும்.

துணையின் வேலை

ஸ்பொன்சரில் வருகிறவருக்குப் புள்ளிக் கணக்கு இல்லை, ஆங்கிலப் பரீட்சை இல்லை, படிப்பு மதிப்பீடும் தேவையில்லை. இந்தச் சலுகை அவரைக் கெடுத்துவிடக்கூடும். விசாவுக்குத் தேவையில்லாதது முதல் வேலைக்குத் தேவைப்படும். ஒரு வருடத்துக்கு மேல் காத்திருக்கும் காலத்தில் பட்டச் சான்றிதழ் மதிப்பீட்டை முடித்துவைக்கலாம். பல்கலைக்கழகத்தில் இருந்து முத்திரையிட்ட உறையில் மதிப்பெண் பட்டியல் எடுப்பதற்குள் சிலருக்குப் பாதி வருடம் போய்விடும். தாதியர், ஆசிரியர், பொறியியலாளர் போன்ற உரிமம் வேண்டிய தொழில்களில் மாகாணத்தின் ஒழுங்கமைப்புச் சபைக்குத் தனியாக விண்ணப்பிக்க வேண்டும். கோப்பு தொடங்கிய அன்றே அதையும் தொடங்கலாம். ஒன்ராறியோவில் பொறியியலாளர் உரிமத்துக்குக் கனேடிய அனுபவம் வேண்டும் என்ற விதி 2023 மே மாதத்தில் நீங்கியது. 2026 ஜனவரி முதல் அந்த மாகாணத்தில் 25 பேருக்குக் குறையாத நிறுவனங்கள், பொது விளம்பரங்களில் கனேடிய அனுபவத்தைத் தகுதியாகக் கேட்க முடியாது. விளம்பரத்தில் கேட்காவிட்டாலும் நேர்முகத்தில் மனதுக்குள் வைத்துக் கேட்பார்கள், அது வேறு.

டுபாயில் உங்களுடன் இருக்கும் துணை சும்மா இருப்பதைவிட அங்கே ஏதாவது வேலை பார்ப்பது கோப்புக்கும் நல்லது, பிறகு எழுதப்போகும் சுயவிவரத்துக்கும் நல்லது.

இறங்கும் நாளும் அதன் பிறகும்

சேர்ந்து பயணம் செய்யுங்கள், அல்லது நீங்கள் முன்னால் போங்கள். துணையைத் தனியாக அனுப்பிவிட்டு ‘நான் மூன்று மாதத்தில் வருகிறேன்’ என்றால், நீங்கள் கனடாவில் குடியிருக்கப் போவதாகச் சொன்ன அந்த நிபந்தனையையே அதிகாரி கேள்வி கேட்கலாம்.

பின்னால் வரும் சாமான்களின் பட்டியலை முதல் நாளே சுங்கத்தில் கொடுக்க வேண்டும், ஒன்றும் கொண்டுவராவிட்டாலும். நகைகளுக்குப் படமும் மதிப்புச் சான்றும் எடுத்துப் பட்டியலில் சேருங்கள். தாலிக்கொடியும் அதில் அடங்கும். பணிக்கொடைப் பணத்தைக் கையில் கொண்டுவருகிறவர்கள் 10,000 கனேடிய டொலர் அல்லது அதற்கு மேல் என்றால் அறிவிக்க வேண்டும். அறிவிப்பதற்கு வரி இல்லை, மறைத்தால் பறிமுதல். பி.ஆர். அட்டை கனேடிய முகவரிக்குத்தான் வரும். அந்த முகவரியை 180 நாளுக்குள் கொடுக்காவிட்டால் அட்டைக்குத் தனியாக விண்ணப்பித்து 50 டொலர் கட்ட வேண்டும்.

சிலருக்கு ஆறு மாதத்தில் டுபாயில் இருந்து மறுபடியும் அழைப்பு வரும், நல்ல சம்பளத்துடன். போகலாமா? பி.ஆர். உள்ளவர் ஐந்து வருடத்தில் 730 நாள் கனடாவில் இருக்க வேண்டும். கனேடியக் குடியுரிமையாளரான துணையோடு சேர்ந்து வெளிநாட்டில் வாழும் நாட்களும் அந்தக் கணக்கில் சேரும் என்று சட்டம் சொல்கிறது. ஆனால் ‘யார் யாரைப் பின்தொடர்ந்து போனார்’ என்ற கேள்வியை அதிகாரிகள் எழுப்பியிருக்கிறார்கள். மேன்முறையீட்டுத் தீர்ப்புகளும் ஒரே திசையில் போகவில்லை. கனடாவில் உண்மையாகவே குடியிருந்து, வரி கட்டி, பிறகு உங்கள் வேலைக்காக இருவரும் சேர்ந்து போனவர்களின் நிலை பலமானது. இறங்கிப் பத்தாவது நாளே திரும்பியவர்களின் நிலை அப்படி அல்ல. எப்படிப் போனாலும் ஒரே வீட்டில் வாழ்ந்ததற்கான வாடகைப் பத்திரம், விசாப் பக்கங்கள், பயணச்சீட்டுகளை வருடம் தவறாமல் ஒரு கோப்பில் போட்டுவையுங்கள். அட்டை காலாவதியான பின் தூதரகத்தில் பயண ஆவணம் கேட்கும்போது அவைதான் உதவும்.

துணைக்குக் குடியுரிமை வேண்டும் என்றால் கணக்கு வேறு. ஐந்து வருடத்தில் 1,095 நாள் அவர் கனடா மண்ணில் இருந்திருக்க வேண்டும். டுபாயில் உங்களோடு வாழ்ந்த நாள் ஒன்றுகூட அதில் சேராது. அந்த வேலையை ஏற்குமுன், அவர் இதுவரை எத்தனை நாள் சேர்த்திருக்கிறார் என்று எண்ணிப் பாருங்கள். எண்ணூறைத் தாண்டியிருந்தால் டுபாய்க்காரரிடம் ஒரு வருடம் தவணை கேட்டுப் பார்க்கலாம்.